"சர்வீஸ் செய்த 5 வாட் டியூப் ஆம்ப்": பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

பழைய, சின்ன டியூப் கிட்டார் ஆம்ப் (வெற்றிடக் குழாய் வைத்த ஒலிபெருக்கி) ஒன்றை வாங்க யாரிடமாவது பேசிக்கொண்டிருந்தால், இதைப் படித்து முடிக்கும் வரை பணம் அனுப்பாதீர்கள். எனக்கு ஒருவர் பொய் சொல்லி விற்றார். அதுகூடப் பரவாயில்லை. அந்த ஆம்ப் கிட்டார் கம்பி வழியாகவே ஆளைக் கொல்லக்கூடிய நிலையில் இருந்தது. அது அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

விளம்பரத்தில் அவர் எழுதியிருந்தது இதுதான்: 1960களில் செய்த ஆம்ப், 5 வாட், முழுக்க முழுக்க டியூப், எல்லாக் கெப்பாசிட்டரும் புதிது, பழைய இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு மூன்று பின் வயர் போட்டாயிற்று, முழுப் பாதுகாப்பு. ஆம்ப் 120 வோல்ட்டில் ஓடுவது என்பதால், 230 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப்டவுன் பெட்டியும் கூடவே தருவதாகச் சொன்னார். பின்பக்கப் படம் ஒன்று இருந்தது. டியூப்கள் எரிவது தெரிந்தது, அவற்றின் மேல் எழுதியிருக்கும் வகை எண்கள் தெரியவில்லை. உள்பக்கப் படம் கேட்டேன். "சீல் பண்ணிட்டேன், திறந்தா வாரண்டி போயிடும்" என்றார். பேச்சில் அவ்வளவு உறுதி.

இந்த வகை ஆம்ப்களை ஏன் தேடிப் போகிறோம் என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஃபெண்டர் நிறுவனத்தின் சாம்ப் ஆம்பின் 1950களின் 5எஃப்1 சர்க்யூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு 12ஏஎக்ஸ்7 டியூப், கடைசியில் ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபாக ஒரு 6வி6, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3 டியூப், 8 அங்குல ஸ்பீக்கர், ஒரே ஒரு வால்யூம் குமிழ். அவ்வளவுதான். குமிழை ஏற்றினால் பவர் டியூபே திணறி ஒலி உடைய ஆரம்பிக்கும். கிட்டாரில் இருக்கும் வால்யூமைக் கொஞ்சம் இறக்கினால் மறுபடி தெளிந்துவிடும். மெதுவாகத் தொட்டால் ஒரு குரல், அழுத்தி அடித்தால் இன்னொரு குரல். எத்தனை பெடல் அடுக்கினாலும் இந்த உணர்வு வராது என்பது என் கருத்து. (5 வாட்தானே, அக்கம்பக்கத்தில் கேட்காது என்று நினைக்க வேண்டாம். 50 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபல்தான். காதுக்கு ஏறத்தாழப் பாதிச் சத்தம்.)

சரி, நடந்தது என்ன என்று சொல்கிறேன். ஆம்ப் வந்தது. கையில் எடுத்தபோதே எடை குறைவாக இருந்தது. ஸ்டெப்டவுன் பெட்டியில் சொருகிப் போட்டால் சத்தம் வந்தது, கூடவே கனமான உறுமல். வாசித்துக்கொண்டிருந்தவரை வேறொன்றும் தெரியவில்லை. ஆம்பின் சுவிட்சை அணைத்தேன். இடது கை இன்னும் கம்பியில் இருந்தது. சுவிட்சை அணைத்த அந்த நொடியில்தான் கம்பியிலிருந்து ஷாக் அடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கை சுர்ரென்று இழுத்ததோடு போயிற்று. ஒரு கை கம்பியிலும் மறு கை எர்த் ஆன மைக்கிலோ இன்னொரு ஆம்பின் இரும்பிலோ இருந்திருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போயிருக்கும்.

விற்றவரைக் கூப்பிட்டேன். "டியூப் ஆம்ப்னா அப்படித்தான் சார், கெப்பாசிட்டர்ல தேங்கின கரண்ட் இறங்கும், போகப்போகச் சரியாயிடும்" என்றார். இது பச்சைப் பொய். ஃபில்டர் கெப்பாசிட்டரில் (டிசியைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்) சார்ஜ் தேங்குவது உண்மை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே இருக்கும், திறந்து கை வைப்பவருக்கு ஆபத்தும்தான். ஆனால் ஒழுங்கான ஆம்பில் அது சேசிஸுக்கோ (ஆம்பின் உலோகச் சட்டம்) கிட்டார் கம்பிக்கோ வராது. எந்த டியூப் ஆம்பிலும், எந்த வயதிலும், கம்பியில் ஷாக் அடிப்பது இயல்பு இல்லை. உறுமலைப் பற்றிக் கேட்டதற்கும் அதே பதில்தான்: டியூப்னா அப்படித்தான்.

பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவரிடம் ஆம்பைக் கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றிப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "தம்பி, இதுல பவர் டிரான்ஸ்பார்மரே கிடையாது. இதையா கையில பிடிச்சு வாசிச்ச?" என்றார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஒழுங்கான டியூப் ஆம்பில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் முதலில் பவர் டிரான்ஸ்பார்மருக்குள் போகும். அதில் இரண்டு கம்பிச் சுருள்கள், ஒன்றையொன்று தொடாமல், காந்தப்புலம் வழியாக மட்டும் மின்சாரத்தைக் கைமாற்றும். அதனால் ஆம்பின் உள்சுற்றுக்கும் சுவர்க் கம்பிக்கும் நேரடித் தொடர்பே இருக்காது. சேசிஸைத் தைரியமாக எர்த்தில் இணைக்கலாம். டிரான்ஸ்பார்மர் விலை கூடிய பொருள், எடையும் அதிகம். அதனால் அந்தக் காலத்தில் மலிவு ரேடியோக்களிலும், கற்றுக்கொள்பவர்களுக்கான சில சின்ன ஆம்ப்களிலும் அதை எடுத்தே விட்டார்கள். டியூப்களின் ஹீட்டர்களை (டியூபைச் சூடாக்கும் உள் இழைகள்) வரிசையாகக் கோத்து நேராகச் சுவர் மின்சாரத்தில் போட்டார்கள். எனக்கு வந்ததில் இருந்தவை 12ஏயூ6, 50சி5, 35டபிள்யூ4. அமெரிக்க முறையில் முதல் எண் ஹீட்டர் வோல்ட்டைக் காட்டும்: 12.6, 50, 35. கூட்டினால் 97.6. மிச்சம் உள்ள 22 வோல்ட் சொச்சத்தை ஒரு ரெசிஸ்டர் தின்றுவிடும், 120 வோல்ட்டுக்குக் கணக்கு நேர். சுவரிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று அப்படியே உள்சுற்றின் மைனஸ் ஆகிவிடும். கிட்டார் கம்பி அந்த மைனஸோடு சேர்ந்தது. நடுவில் ஒரே ஒரு கெப்பாசிட்டர்தான் காவல். அதுவும் 60 வருடப் பழைய பேப்பர் கெப்பாசிட்டர் என்றால்? கசிந்து கசிந்து கிட்டத்தட்ட வெறும் கம்பியாகவே ஆகியிருந்தது.

வெளிநாட்டு வாசிப்பாளர்கள் இந்த வகைக்கு விடோமேக்கர் (மனைவியை விதவையாக்குவது) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அணைத்த பிறகு ஏன் ஷாக் அடித்தது என்பதையும் அண்ணன் காட்டினார். சுவிட்ச் அந்த மைனஸ் பக்கக் கம்பியில்தான் இருக்கிறது. ஆம்ப் ஓடும்போது மைனஸ் நியூட்ரலோடு சேர்ந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அணைத்ததும் நியூட்ரல் அறுந்து, கரண்ட் வரும் பேஸ் கம்பி ஹீட்டர்கள் வழியாக வந்து அதே மைனஸில் உட்கார்ந்துகொண்டது. ஆம்புக்குள் வரும் பேஸும் நியூட்ரலும் இடம் மாறினால் இது தலைகீழாகும்: ஓடும்போது ஷாக், அணைத்தால் அமைதி. எப்படிச் சொருகினாலும் இரண்டில் ஒரு நிலையில் ஆபத்து இருந்தே தீரும். சேசிஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தோம். 110 வோல்ட்டுக்கு மேல் காட்டியது.

"மூன்று பின் வயர் போட்டாயிற்று" என்றாரே, அது என்ன ஆயிற்று? இதுதான் என்னால் மன்னிக்க முடியாத இடம். வயர் புதியது, நல்ல வயர். உள்ளே எர்த் கம்பியை ஒட்ட நறுக்கி, முனையில் கருப்பு ஸ்லீவ் மாட்டி, மடித்து ஒளித்து வைத்திருந்தார். அண்ணன் அதைச் சோதனைக்காகச் சேசிஸில் இணைத்துக் கரண்ட் கொடுத்ததும், மின்கசிவு கண்டால் கரண்டைத் துண்டிக்கும் லீக்கேஜ் பிரேக்கர் டிரிப் ஆகிவிட்டது. விற்றவரும் எர்த்தை இணைத்துப் பார்த்திருப்பார், அவருக்கும் டிரிப் ஆகியிருக்கும். பழுதைச் சரிசெய்வதற்குப் பதில், பழுதைக் காட்டிக்கொடுத்த கம்பியை வெட்டிவிட்டார். தெரியாமல் செய்பவர் ஸ்லீவ் மாட்டி ஒளிக்க மாட்டார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எல்லாக் கெப்பாசிட்டரும் புதிது" என்பதில், பின்னாலிருந்து பார்த்தால் கண்ணில் படும் ஒன்று மட்டும் புதிது. பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர் பழையதுதான், உப்பி, அடியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. உறுமலுக்குக் காரணம் அதுதான். ஃபியூஸ் இல்லை. 5 வாட் என்பதும் பொய்: இந்த வோல்ட்டில் ஒரு 50சி5 தருவது சுமார் 2 வாட்.

அந்த ஸ்டெப்டவுன் பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் டிரான்ஸ்பார்மர் இருக்கிறதே, அது காப்பாற்றாதா என்று பலர் நினைப்பார்கள். காப்பாற்றாது. மலிவான ஸ்டெப்டவுன் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஆட்டோ டிரான்ஸ்பார்மர். அதில் ஒரே கம்பிச் சுருள்தான், நடுவிலிருந்து ஒரு கம்பி எடுத்து வோல்ட்டைக் குறைப்பார்கள். உள்ளே வரும் கம்பியும் வெளியே போகும் கம்பியும் ஒன்றாகவே இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, எர்த்தை விட்டுவிட்டு, உள்ளே போகும் பிளக்கின் ஒரு பின்னுக்கும் வெளியே வரும் சாக்கெட்டின் ஒரு துளைக்கும் நடுவே ஓம் அளந்து பாருங்கள். சில ஓம் காட்டினால் அது ஆட்டோ டிரான்ஸ்பார்மர், தனிமைப்படுத்தாது. எர்த் தவிர எந்த ஜோடியை அளந்தாலும் தொடர்பே இல்லை என்று காட்டினால்தான் ஐசோலேஷன் (தனிமைப்படுத்தல்) உண்டு. எனக்குத் தந்தது முதல் வகை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது டியூப் எண்கள். 6வி6, இஎல்84, 12ஏஎக்ஸ்7, 5ஒய்3 என்று வந்தால் நல்ல அறிகுறி. எபிஃபோன் வால்வ் ஜூனியர் போன்ற 5 வாட் ஆம்பில் ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, அவ்வளவுதான். 50, 35 என்று தொடங்கும் எண்கள், அல்லது ஐரோப்பிய வகையில் யுஎல்84, யுசிஎல்82 என யு எழுத்தில் தொடங்குபவை வந்தால் உடனே நிறுத்திக் கேள்வி கேளுங்கள். அப்புறம் சேசிஸின் படம். ஸ்பீக்கருக்குப் போகும் சின்ன அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றிலும் இருக்கும், அதைக் காட்டி ஏமாற்றலாம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் போக முடிந்தால் ஒரு மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். பிளக் கழற்றிய நிலையில், எர்த் பின்னிலிருந்து சேசிஸுக்கு அளந்தால் கிட்டத்தட்ட 0 ஓம் வர வேண்டும். மற்ற இரண்டு பின்களிலிருந்தும் சேசிஸுக்கும், கிட்டார் ஜாக்கின் வெளி உலோகத்துக்கும் அளந்தால் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. ஆம்பின் சுவிட்ச் போட்டும் ஒரு முறை, அணைத்தும் ஒரு முறை அளக்க வேண்டும். விற்பவர் அளக்க விடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். பவர் டிரான்ஸ்பார்மர் உள்ள பழைய ஆம்பாக இருந்தாலும் இரண்டு பின் வயரோடு இருந்தால், பல ஆம்ப்களில் சுவர்க் கம்பியிலிருந்து சேசிஸுக்கு ஒரு கெப்பாசிட்டர் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் இதே கதைதான். அதை எடுத்துவிட்டு, மூன்று பின் வயர் போட்டு, எர்த்தைச் சேசிஸில் இறுக்கமாக இணைக்க வேண்டும். டியூப் வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். சரியான 5 வாட் ஆம்பின் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆர்வத்தில் கை வைக்கும் இடம் அல்ல.

ஆம்பைச் செய்த நிறுவனத்தைக் குறை சொல்லவில்லை, அதனால் பெயரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் அது வழக்கமாக இருந்தது. இந்தக் காலத்தில் அதைப் "பாதுகாப்பானது" என்று எழுதி விற்றவர்தான் குற்றவாளி.

படங்களை எல்லாம் அவருக்கு அனுப்பினேன், நறுக்கிய எர்த் கம்பியின் படம் உட்பட. திறந்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டேன் என்றார். பிறகு அந்தக் கம்பியை நானே வெட்டியிருப்பேன் என்றார். அதற்கப்புறம் எண்ணைத் தடுத்துவிட்டார். பணம் வரவில்லை. ஆம்பை வேறு யாருக்கும் தள்ளிவிட மனம் வரவில்லை. உண்மையான ஐசோலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்றை உள்ளேயே வைத்து, சேசிஸை எர்த் செய்து, ஃபியூஸும் புதுக் கெப்பாசிட்டர்களும் போட்டுத் தர அண்ணன் ஒப்புக்கொண்டிருக்கிறார். இவ்வளவு சின்ன ஆம்புக்கு 50 விஏ (வோல்ட் ஆம்பியர்) டிரான்ஸ்பார்மரே போதும் என்கிறார். விற்றவர் முதலிலேயே இதைச் செய்திருந்தால் சொன்னபடியே பாதுகாப்பான ஆம்பாக இருந்திருக்கும்.

அதே ஆள் இப்போது இன்னொரு சின்ன ஆம்பை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். வாசகம் வார்த்தைக்கு வார்த்தை அதேதான். கூடவே "கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு ஏற்றது" என்று புதிதாக ஒரு வரி. இதிலும் பின்பக்கப் படம் மட்டும்தான், இதிலும் டியூப் எண்கள் தெரியவில்லை. அப்படி ஒரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால், டியூப் எண்களையும் எர்த் கம்பி சேசிஸில் சேரும் இடத்தின் படத்தையும் எழுத்தில் கேளுங்கள். வராவிட்டால் வாங்காதீர்கள், பிள்ளைக்காக என்றால் கண்டிப்பாக வாங்காதீர்கள்.