பஸ்ஸா பிளைட்டா: எஸ்.சி.ஏ.சி., எஸ்.ஏ.ஏ. ரெண்டுல நாங்க எதை எடுத்தோம், ஏன்

ஏப்ரல் மாசம் வந்துட்டா போதும், யாராவது ஒருத்தர் போன் பண்ணிடுவாங்க. "அக்கா, பொண்ணுக்கு ரெண்டு கோச் மெயில் அனுப்பிருக்காங்க, ஒரு காலேஜ் எஸ்.சி.ஏ.சி., இன்னொண்ணு எஸ்.ஏ.ஏ., எதுல போடலாம்?"னு. (ரெண்டும் கான்ஃபரன்ஸ், அதாவது அமெரிக்க காலேஜ் டீமெல்லாம் தங்களுக்குள்ள ஆடிக்கிற குழு.) ஒவ்வொருத்தர்கிட்டயும் முக்கா மணி நேரம் பேசி தொண்டை கட்டிக்குது, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். மொதல்லயே சொல்லிடுறேன், நாங்க எடுத்தது எஸ்.சி.ஏ.சி. பக்கம். அதனால என் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாயத்தான் செய்யும், தெரிஞ்சுகிட்டே படிங்க.

நாங்க இருக்கிறது டெக்ஸாஸ்ல ரவுண்ட் ராக். பொண்ணு ஏழு வயசுலேர்ந்து டென்னிஸ். டிவிஷன் ஒன், அதாவது காலேஜ் ஸ்போர்ட்ஸோட உச்ச லெவல்லாம் இல்ல, அதை அவளே பத்தாவது படிக்கும்போது சொல்லிட்டா, எங்களுக்குத்தான் ஒத்துக்க ஒரு வருஷம் ஆச்சு. அப்புறம் டிவிஷன் த்ரீ பார்க்க ஆரம்பிச்சோம். நானூறுக்கு மேல சின்ன சின்ன காலேஜ், ஸ்போர்ட்ஸ் ஸ்காலர்ஷிப் ஒரு டாலர் கிடையாது, மார்க்குக்கும் வீட்டு வருமானத்துக்கும் குடுக்கிற உதவிப்பணம்தான். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுங்க. தெரியாதது என்னன்னா கான்ஃபரன்ஸ்ங்கிறது என்ன பண்ணும்னு. எனக்கும் தெரியாது அப்ப. ஏதோ லீக் பேரு, சட்டைல ஒட்டுற முத்திரைன்னு நினைச்சிட்டிருந்தேன். பிள்ளையோட நாலு வருஷ காலண்டரே அதுதான்னு லேட்டாத்தான் புரிஞ்சது.

இந்த ரெண்டு கான்ஃபரன்ஸும் ஒரு வீட்டுல இருந்து பிரிஞ்சதுங்க. 1962-ல காலேஜ் அத்லெடிக் கான்ஃபரன்ஸ்னு ஆரம்பிச்சது, 1991-ல சதர்ன் காலேஜியேட் அத்லெடிக் கான்ஃபரன்ஸ்னு பேரு மாத்துனாங்க, அதான் எஸ்.சி.ஏ.சி. கூட்டுக் குடும்பம் பெருத்துகிட்டே போயி ஒரு கட்டத்துல இண்டியானால டிபா, அட்லாண்டால ஓகில்தோர்ப், கொலராடோ ஸ்பிரிங்ஸ்ல கொலராடோ காலேஜ், சான் அண்டோனியோல டிரினிட்டின்னு பாதி அமெரிக்கா மேப்புல பரந்து கிடந்துச்சு. சின்ன காலேஜுக்கு எவ்வளவு பிளைட் டிக்கெட் கட்டுப்படியாகும்? 2011-ல டிபா வேற கான்ஃபரன்ஸ் போயிடுச்சு. அதே வருஷம் சென்டர், ரோட்ஸ், சீவானி, மில்சாப்ஸ், ஹெண்ட்ரிக்ஸ், ஓகில்தோர்ப், பர்மிங்காம் சதர்ன்னு ஏழு காலேஜ் சேர்ந்து நாங்க தனிக்குடித்தனம் போறோம்னு சொல்லிட்டாங்க. ஜார்ஜியால இருக்கிற பெர்ரி காலேஜையும் சேர்த்துகிட்டு 2012-ல ஆடத் தொடங்குனதுதான் சதர்ன் அத்லெடிக் அசோசியேஷன், எஸ்.ஏ.ஏ.

இங்க மிச்சம் நின்னது விரல் விட்டு எண்ற அளவுதான். அந்த நேரத்துல எஸ்.சி.ஏ.சி. அவ்வளவுதான்னு பேசுனவங்க உண்டாம். மெம்பர் எண்ணிக்கை ஒரு அளவுக்குக் கீழ போனா, ஜெயிச்ச டீம் நேரா நேஷனல் டோர்னமெண்ட் போற அந்த ஆட்டோமேட்டிக் சீட்டே போயிடும், அதான் உண்மையான பயம். ஆனா டெக்ஸாஸையும் அக்கம்பக்கத்தையும் வச்சே திரும்பக் கட்டிட்டாங்க. யுனிவர்சிட்டி ஆஃப் டாலஸ் 2011-லயே வந்தாச்சு, 2012-ல ஷ்ரீவ்போர்ட்லேர்ந்து சென்டினரி, 2013-ல டெக்ஸாஸ் லூத்தரனும் ஷ்ரைனரும், 2019-ல ஹூஸ்டன் செயின்ட் தாமஸ். (ஒரு சின்ன எச்சரிக்கை, பேரைப் பார்த்து ஏமாறாதீங்க. ஆஸ்டின் காலேஜ் ஆஸ்டின்ல இல்ல, நாலு மணி நேரம் தள்ளி ஷெர்மன்ல இருக்கு. டாலஸ் யுனிவர்சிட்டி இருக்கிறது இர்விங்ல. என் வீட்டுக்காரர் மொத காலேஜ் விசிட்டுக்கு "இங்கதானே, சாயங்காலம் ஆபீஸ் முடிச்சிட்டு போயிட்டு வந்திடலாம்"னு சொன்ன மனுஷன்.)

அப்புறம்தான் எங்க கதைல இடி. 2023 செப்டம்பர், பொண்ணு பன்னெண்டாவதுல கால் வச்ச நேரம், டிரினிட்டியும் ஜார்ஜ்டவுன்ல இருக்கிற சவுத்வெஸ்டர்னும் 2025-26லேர்ந்து எஸ்.ஏ.ஏ.க்குப் போறோம்னு அறிவிச்சாங்க. நாங்க கைல வச்சிருந்த லிஸ்ட்ல பாதி அந்தப் பக்கம் போகுது, பாதி இந்தப் பக்கம் நிக்குது. நிக்கிற பக்கத்துக்கு 2024-ல மெக்மரியும் கன்கார்டியா டெக்ஸாஸும் வந்து சேர்ந்தாங்க. அவங்க விட்டுட்டு வந்த அமெரிக்கன் சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் இன்னும் பரிதாபம், யு.டி. (யுனிவர்சிட்டி ஆஃப் டெக்ஸாஸ்) டைலர் 2019-லயே டிவிஷன் டூ போயாச்சு, அப்புறம் யு.டி. டாலஸும் சுல் ராஸும் அதே வழி. நாற்காலிப் போட்டி மாதிரிதான், பாட்டு நிக்கும்போதெல்லாம் ஒருத்தர் எந்திரிச்சுப் போயிடுறாங்க.

ரெக்ரூட் பண்ண வந்த கோச் ஒருத்தர், எந்த காலேஜ்னு வேணாம், "கான்ஃபரன்ஸ் மாற்றம்லாம் பேப்பர்லதான், உங்க பொண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது"ன்னு சிரிச்சுகிட்டே சொன்னார். நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து எஸ்.ஏ.ஏ. மெம்பர் லிஸ்ட்டை எடுத்து மேப்புல ஒவ்வொண்ணாப் புள்ளி வச்சுப் பார்த்தப்பதான் வயித்தைக் கலக்குச்சு. சென்டர் காலேஜ் கென்டக்கில டான்வில், சான் அண்டோனியோலேர்ந்து ஆயிரம் மைலுக்கு மேல. சீவானி டென்னசில மலை மேல, பதிமூணாயிரம் ஏக்கர் காட்டுக்கு நடுவுல, நாஷ்வில்ல இறங்கி ஒன்றரை மணி நேரம் கார். பெர்ரி ஜார்ஜியால ரோம் பக்கம், இருபத்தேழாயிரம் ஏக்கர் கேம்பஸ். ரோட்ஸ் மெம்ஃபிஸ்ல. டெக்ஸாஸுக்குக் கொஞ்சம் கிட்டன்னு சொல்ற மில்சாப்ஸ், மிசிசிப்பி ஜாக்சன்ல, அதுவே சான் அண்டோனியோலேர்ந்து அறுநூறு மைல் சொச்சம்.

எஸ்.சி.ஏ.சி. புள்ளியெல்லாம் வச்சா செகீன், கெர்வில், ஹூஸ்டன், இர்விங், ஷெர்மன், ஆபிலீன். எங்க வீட்டுலேர்ந்து செகீன் ஒண்ணேகால் மணி நேரம், கெர்வில் ரெண்டு ரெண்டே கால், ஷெர்மன் நாலுன்னு வச்சுக்கங்க, டாலஸ் டிராஃபிக்ல மாட்டுனா அஞ்சு. ஷ்ரீவ்போர்ட் கொஞ்சம் இழுக்கும், ஆனாலும் பஸ்ஸுதான். கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஒண்ணுதான் கண்டிப்பா பிளைட், அதை மறைக்கல.

இதுல என்ன பெரிய விஷயம், பிள்ளைங்க ஜாலியா பிளைட்ல போயிட்டு வரட்டுமேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. பெட்டி கட்டுறது, ஏர்போர்ட்டு எல்லாம் அவங்களுக்கு ஒரு பிக்னிக்தான். பிரச்சினை வியாழக்கிழமை. பொண்ணு பயாலஜி, ப்ரீ மெட் பாதை. இந்த செமஸ்டர்ல ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேப் வியாழன் மதியம் ஒண்ணுலேர்ந்து நாலு. லெக்சர் மிஸ் ஆனா நோட்ஸ் வாங்கிக்கலாம், லேப் மிஸ் ஆனா யாரு நோட்ஸ் குடுப்பா? வெள்ளி சனி ஆட்டம் டென்னசில வச்சா வியாழன் மதியமே கிளம்பியாகணும், ஞாயிறு ராத்திரிதான் ரூமுக்கு வர முடியும், திங்கள் காலைல எட்டு மணி கிளாஸ். பஸ் தூரத்துல வச்சா வெள்ளி மத்தியானம் கிளம்பினா போதும், இல்ல சனிக்கிழமை விடிகாலை கிளம்பி அன்னிக்கே திரும்பிடலாம். ஒரு வீக்கெண்டுக்கு ஒன்றரை நாள் வித்தியாசம்னு வைங்க. ஒரு சீசன்ல இப்படி எத்தனை வீக்கெண்டு வருதோ அத்தனையால பெருக்குங்க, அதை நாலு வருஷத்தால பெருக்குங்க. மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்றப்ப ஜிபிஏ பக்கத்துல "இவ ஊர் ஊராப் பறந்துகிட்டு இருந்தா"ன்னு யாரும் குறிப்பு எழுத மாட்டாங்க.

போன மாசம் ஆபிலீன்லேர்ந்து திரும்பி வர்றப்ப பஸ்ல இருந்து வீடியோ கால் பண்ணா. ராத்திரி ஒன்பதரை. பஸ் முழுக்க இருட்டு, இவ தலைக்கு மேல இருக்கிற சின்ன லைட் மட்டும் எரியுது, மடியில லேப்டாப், அதுல லேப் ரிப்போர்ட், ஒரு கையில ஐஸ் பேக்கை மணிக்கட்டுல அழுத்திகிட்டே இன்னொரு கையால டைப் அடிக்கிறா. நடுவுல டவர் போயி ஹாட்ஸ்பாட் கட் ஆயிடுச்சு. பதினொன்றரைக்கு ரூமுக்குப் போய் சப்மிட் பண்ணிட்டேன்னு மெசேஜ். பஸ் தூரத்துலயே பொழப்பு இப்படி. இதையே ஏர்போர்ட் கேட்ல உட்கார்ந்து, கனெக்டிங் பிளைட் லேட் ஆகி நடுராத்திரி ஹூஸ்டன்ல மாட்டிகிட்டு பண்றதை நினைச்சுப் பார்த்தேன்.

இன்னொண்ணு, இது சுயநலம்தான், ஒத்துக்கிறேன், நாங்க போய்ப் பார்க்கணும். செகீன்ல ஒரு பிப்ரவரி சனிக்கிழமை, காத்து அடிக்கிற அடில பந்து எங்க போகுதுன்னு அவளுக்கே தெரியல, வேலிக்கு இந்தப் பக்கம் மடக்கு நாற்காலி போட்டு போர்வையைப் போத்திகிட்டு நானும் மாமியாரும். மாமியார் ஊர்லேர்ந்து ஆறு மாச விசால வந்திருந்தாங்க, டென்னிஸ்னா என்னன்னு தெரியாது, ஆனா எதிர் டீம் பொண்ணு டபுள் ஃபால்ட் பண்ணப்ப "அடடா பாவம், குளுர்ல கை நடுங்குது பாரு"ன்னு சத்தமா சொல்லிட்டாங்க. அந்தப் பொண்ணு திரும்பிப் பார்த்து சிரிச்சா. பேத்தி ஆடுறதை அவங்க நேர்ல பார்த்தது அந்த ஒரு தடவைதான். அது டான்வில் கென்டக்கியா இருந்தா நடந்திருக்காது.

எஸ்.ஏ.ஏ. பக்கமும் சொல்லணும், இல்லன்னா நியாயம் இல்ல. காலேஜ் பேருன்னு பார்த்தா அந்தப் பக்கம் ரோட்ஸ், சென்டர், சீவானி எல்லாம் கனமான பேரு, அந்த வரிசைல நிக்கிறதே ஒரு மதிப்புதான். டிரினிட்டி பத்தி சொல்லவே வேணாம், 1972-ல டிவிஷன் ஒன்லயே ஆண்கள் டென்னிஸ் சாம்பியன், 2000-ல டிவிஷன் த்ரீல ஆண் பெண் ரெண்டு பட்டமும் ஒரே வருஷம். உங்க பிள்ளை நிஜமாவே நேஷனல் லெவல் கனவுல இருந்தா, பலமான டீமோட மோதணும்னா, நான் எழுதுனதையெல்லாம் ஓரமா வைங்க. பழைய பகையும் திரும்ப வருது. 2007 அக்டோபர்ல ஜாக்சன்ல டிரினிட்டி மில்சாப்ஸ் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச், ரெண்டே செகண்ட் பாக்கி இருக்கிறப்ப பந்தைப் பதினஞ்சு தடவை பின்னாடி பின்னாடி கை மாத்தி டச்டவுன் போட்டு டிரினிட்டி 28-24னு ஜெயிச்ச ஆட்டம், அந்த வீடியோவைப் பார்க்காத டெக்ஸாஸ்காரன் கம்மி. அப்ப ரெண்டும் எஸ்.சி.ஏ.சி., பிரிஞ்சாங்க, ஃபுட்பால்ல மட்டும் முன்னாடியே எஸ்.ஏ.ஏ.ல சேர்ந்துட்டாங்க, இப்ப மத்த ஆட்டத்துலயும் திரும்ப ஒண்ணா. டிரினிட்டி போனதுல இந்தப் பக்கம் மத்தவங்களுக்கு ஒரு லாபம் உண்டு, வெளிய யாரும் சொல்லிக்க மாட்டாங்க. வருஷா வருஷம் பட்டத்தை அள்ளிட்டுப் போன ஆளு போயாச்சு, இப்ப கதவு திறந்து கிடக்கு. மொத வருஷம் டிரினிட்டிகிட்ட அடி வாங்கிட்டு வந்த எங்க வீட்டுப் பொண்ணே "இந்த வருஷம் பார்க்கலாம்மா"ங்கிறா.

நிலைச்சு நிக்கிறது எதுன்னு கேட்டா எனக்கு ரெண்டு மேலயும் நம்பிக்கை இல்ல. நாங்க முடிவு பண்ற நேரம், 2024 மார்ச் கடைசில, எஸ்.ஏ.ஏ. மெம்பர் பர்மிங்காம் சதர்ன் இழுத்து மூடுறோம்னு சொல்லிட்டாங்க. 1856-ல ஆரம்பிச்ச காலேஜ். ஆலபாமா அரசுகிட்ட கடன் கேட்டு நடக்கல. மே 31 கடைசி நாள். அந்த காலேஜோட பேஸ்பால் டீம் அந்த நேரம் பார்த்து ஜெயிச்சுகிட்டே போயி, காலேஜ் மூடுற அன்னிக்கு ஒஹாயோல டிவிஷன் த்ரீ வேர்ல்ட் சீரிஸ்ல நிக்குது. மொத ஆட்டம் தோல்வி, அடுத்தது கடைசி நேரத்துல ஹோம் ரன் அடிச்சு ஜெயிச்சாங்க, மூணாவதுல 11-10னு தோத்து முடிஞ்சது. காலேஜே இல்லாத டீம். என் வீட்டுக்காரர் பேஸ்பாலே பார்க்காதவர், அன்னிக்கு லேப்டாப் முன்னாடியே உட்கார்ந்திருந்தார். அதுக்கப்புறம்தான் கான்ஃபரன்ஸ் பேரை விட்டுட்டு ஒவ்வொரு காலேஜோட எண்டோமெண்ட், அதாவது சேர்த்து வச்சிருக்கிற நிதி எவ்வளவு, அட்மிஷன் ஏறுதா இறங்குதான்னு தோண்ட ஆரம்பிச்சோம். நீங்களும் அதை மொதல்ல பண்ணுங்க.

எஸ்.ஏ.ஏ. பயணம் பத்தி நான் சொல்றதெல்லாம் மேப்பும் கணக்கும்தான், சொந்த அனுபவம் இல்லைங்க. சான் அண்டோனியோல தெரிஞ்ச குடும்பம் ஒண்ணு, அவங்க பையன் டீம் இப்பதான் அந்தப் பக்கம் மாறியிருக்கு. பையன் குஷியாத்தான் இருக்கானாம், புது ஊரு, புது ஆளுங்கன்னு. அப்பாதான் ரெண்டு பேர் நாஷ்வில் டிக்கெட், வாடகைக் கார், ரெண்டு ராத்திரி ஹோட்டல்னு போட்டுப் பார்த்து ஒரு தடவைக்கே ஆயிரம் டாலர் தாண்டுது, ஸ்ட்ரீம்ல பார்த்துக்கலாம்னு முடிவு பண்ணிட்டார். அங்க புரொபசருங்க லேப் மிஸ் ஆனதுக்கு எப்படி ஈடு குடுக்கிறாங்க, கோச் பயணத்தை எப்படி அடுக்குறாரு, இதையெல்லாம் அந்த டீம்ல இப்ப ஆடிகிட்டிருக்கிற ரெண்டாவது மூணாவது வருஷப் பிள்ளைங்ககிட்ட நேரடியா கேளுங்க, கோச்கிட்ட வேணாம். கேக்குறப்ப "ஏப்ரல்ல எத்தனை வியாழக்கிழமை கேம்பஸ்ல இருந்தே?"ன்னு கேளுங்க, பதில் நேரா வரும்.

சின்னவன் இப்ப ஒன்பதாவது, நீச்சல். அவன் காலேஜ் போறதுக்குள்ள இந்த மேப்புல எத்தனை புள்ளி எங்கெங்க நகரப் போகுதோ, அப்ப வேற கணக்கு போடணும். இப்போதைக்கு சனிக்கிழமை கெர்வில், ஏழு மணிக்குக் கிளம்பணும், நாற்காலி ரெண்டும் கார் டிக்கிலயேதான் கிடக்கு.