துக்கமும் துப்பும்: மூன்று இளையோர் மர்ம நாவல்கள்

வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு இருண்ட மர்ம நாவல்களையே தேடிப் படிக்கும் பிள்ளைகள் உண்டு. தாத்தா இறந்த வருடம் என் அக்கா மகள் அப்படித்தான் இருந்தாள். "இந்த வயசுல எதுக்கு இந்த மாதிரி கதை?" என்று வீட்டில் கேட்டார்கள். "இதுலயாவது செத்தவங்களைப் பத்திப் பேசுறாங்க சித்தி" என்று என்னிடம் சொன்னாள். பெங்களூரு அல்சூர் வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததுமே எல்லோரும் பேச்சை மாற்றிவிட்டது உண்மைதான். எனவே படிக்கட்டும் என்பது என் கட்சி. எதைப் படிப்பது என்பதில்தான் யோசிக்க வேண்டும்.

அதிகம் பேர் கையில் எடுப்பது இ. லாக்ஹார்ட்டின் 'வி வேர் லையர்ஸ்' (2014). பணக்கார சின்க்ளேர் குடும்பம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையருகே அவர்களுக்கென்றே ஒரு தீவு, பதினைந்து வயதில் நடந்த விபத்தை மறந்துவிட்ட கேடன்ஸ். அழுகையைக் காட்டுவதே கௌரவக் குறைவு என்று நினைக்கும் அந்தக் குடும்பத்தை லாக்ஹார்ட் எழுதியிருக்கும் விதம் அபாரம். ஆனால் உண்மையைக் கடைசிவரை மறைத்தால்தான் கதை நிற்கும். அதனால் துக்கம் நம் கைக்கு வரும்போது புத்தகம் முடிந்துவிடுகிறது. வாசகர் அதிர்கிறார், ஆனால் அந்த இழப்போடு உட்கார இடமில்லை. ஒரே மூச்சில் படிக்க இதைவிட நல்லது இந்த மூன்றில் இல்லை, அவ்வளவுதான்.

என் ஓட்டு கோர்ட்னி சம்மர்ஸின் 'சேடி'க்கு (2018). யார் இறந்தது என்பதை இது ஒளிப்பதில்லை. சேடி தூக்கி வளர்த்த பதின்மூன்று வயதுத் தங்கை மேட்டி கொலையாகிவிட்டாள். கொன்றவனைத் தேடி, திக்கிப் பேசும் பத்தொன்பது வயது சேடி கிளம்புகிறாள். ஒரு அத்தியாயம் அவள் குரலில் வரும். அடுத்தது, அவளைத் தேடிப் பின்னால் வரும் வானொலிக்காரரின் பாட்காஸ்ட். அவள் நின்ற இடத்துக்கெல்லாம் அவர் தாமதமாகவே வந்து சேர்கிறார். அந்த இடைவெளியில்தான் நம் நெஞ்சு அடைக்கிறது. துக்கம் என்றால் அழுகை மட்டுமல்ல, கோபமும்தான் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன இளையோர் நாவல் வேறு எதையும் நான் படித்ததில்லை. மர்மக் கதைகளுக்கான எட்கர் விருதை 2019-இல் பெற்றது. முடிவு திறந்தே கிடக்கிறது, அது சிலரைக் கொதிக்க வைக்கும். எனக்கு அதுதான் நேர்மையாகப் பட்டது. பலர் குரல் கொடுத்த ஒலிப்புத்தகமும் இருக்கிறது. பாட்காஸ்ட் பகுதிகளுக்காகவே அதைக் கேட்கலாம்.

டிஃபனி டி. ஜாக்சனின் 'மண்டேஸ் நாட் கமிங்' (2018) வேறு வகை. வாஷிங்டன் டி.சி.யில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கு வரும் கிளாடியா, உயிர்த்தோழி மண்டேயைக் காணவில்லை என்கிறாள். பெரியவர்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. காலம் முன்னும் பின்னுமாகத் தாவுவதால் நடுவில் அலுப்புத் தட்டும். அடிபட்ட மனதின் ஞாபகமே அப்படித்தான் என்பது பிறகு புரிகிறது. இதைப் பிள்ளைகளைவிடப் பெற்றோர் முதலில் படிப்பது நல்லது.

சரி, எச்சரிக்கை. 'சேடி'யில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையும், ஜாக்சனின் நாவலில் வீட்டுக்குள் நடக்கும் வன்கொடுமையும் கதையின் மையத்தில் இருக்கின்றன. அந்தக் காயம் உள்ள பிள்ளைக்கு இரண்டையும் தனியாகக் கொடுக்காதீர்கள். படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் தவித்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். அதற்கு வழிகாட்டுவது நம் பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான்.

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட்டில் பிளாசம், புக்வார்ம் புத்தகக் கடைகள் இரண்டிலும் பழைய பிரதிகளும் விற்கிறார்கள். எம்.ஜி. ரோடு மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 'சேடி'யைக் கேளுங்கள். பிள்ளையும் நீங்களும் சேர்ந்து படிக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஜாக்சன்.