பாகப்பிரிவினை: ஆடுபுலியா, பல்லாங்குழியா?

மஞ்சப்பையில் பழைய பத்திரங்களைத் திணித்துக்கொண்டு அந்த அக்கா எங்கள் ஆபீஸ் படியேறியபோது மணி பத்தரை. வக்கீல் சார் கோர்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தார். பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாக இருப்பவனுக்கு இது பழகிய நேரம்தான். வக்கீலிடம் கேட்கக் கூச்சப்படுவதையெல்லாம் என்னிடம் கேட்பார்கள்.

“தம்பி, கேஸ் போட்டா ஜெயிச்சிருவோமா?”

“ஜெயிப்பீங்கக்கா. எப்பன்னு மட்டும் கேட்டுராதீங்க.”

வீரவநல்லூர் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் 80 சென்ட், கடைசியில் பாயும் கடைமடையில் 1 ஏக்கர் 20 சென்ட், ஊருக்குள் ஒரு ஓட்டு வீடு. அப்பா, அம்மா இருவரும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. உயில் கிடையாது. பயிர் வைப்பது அண்ணன். தம்பி கோயம்புத்தூரில். இந்த அக்கா வாக்கப்பட்டது டவுனில்.

பங்கு உண்டா என்பதில் இன்று பெரிய சண்டைக்கு இடமில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. 2005-இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்பா 2005-இல் உயிரோடு இருந்தாரா என்ற கேள்வியையும் 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. பூர்வீகமோ, அப்பா சம்பாதித்ததோ, இந்த வீட்டில் மூன்றில் ஒன்று அக்காவுக்கு. அதை எந்த ஆட்டம் ஆடி வாங்குவது என்பதுதான் பாக்கி.

முதல் வழி, பாக வழக்கு. இதை நான் ஆடுபுலி என்பேன். கோயில் மண்டபத் தரையில் கீறி வைத்திருப்பார்களே, 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டால் புலியை வெட்ட முடியாது; நகரவிடாமல் அடைக்க மட்டும்தான் முடியும். பாக வழக்கும் அப்படித்தான். தாவா போட்ட மறுநாளே அண்ணனை வயலிலிருந்து இறக்கிவிட முடியாது. ஆனால் வழக்கு நடக்கும்போது அவர் விற்றால், வாங்குகிறவர் கடைசித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். விவரம் தெரிந்தவன் எவனும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டான். தடை உத்தரவும் வாங்கிவிட்டால் புலி மூலையில்தான்.

ஆனால் அடைபட்ட புலி பட்டினி கிடப்பதில்லை. வாய்தா போகப் போக, கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லையும் அறுப்பது அண்ணன்தானே? முதலில் பங்கு இன்னது என்று முதல்நிலைத் தீர்ப்பு. அப்புறம் வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து சங்கிலி பிடிப்பார். அதற்கு ஆட்சேபணை, அதற்கு ஒரு பதில், பிறகு இறுதித் தீர்ப்பு. நடுவில் அப்பீல் என்று மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். வருமானக் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். அறுத்த நெல்லைக் கணக்கில் காட்ட வைப்பது தனிப் பாடு. காத்திருக்க முடிந்தவன் கை ஓங்கும் என்று விளையாட்டுக் கோட்பாட்டுக்காரர்கள் சூத்திரம் போட்டுச் சொல்வதை எங்கள் ஆபீஸ் வாய்தா டைரியே சொல்லிவிடும்.

கோர்ட் பீஸிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கூட்டு அனுபவத்தில், அதாவது சொத்தை எல்லாரும் சேர்ந்தே வைத்திருக்கிறோம் என்றால் சின்னதாக ஒரு நிலைக்கட்டணம். என்னை வெளியே தள்ளிவிட்டார்கள் என்று பிராதில் (வழக்கு மனுவில்) எழுதிவிட்டால் பங்கின் சந்தை மதிப்பில் 3%. ஆத்திரத்தில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு அத்தனை விலை. ஆட்டை ஓரமாக வை, பின்னால் காலிப் புள்ளி இருந்தால் புலி தாண்டிவிடும் என்று ஆச்சிமார் சொல்லிக் கொடுப்பது இதற்குத்தான் பொருந்தும். வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல் எல்லாம் கைக்கு வந்த பிறகே நோட்டீஸ் போக வேண்டும்.

இரண்டாவது, வீட்டுக்குள் பேசி முடிப்பது. இது பல்லாங்குழி. காய் ஆடுகிறவர்களை விட்டு வெளியே போகாது, குழி மாறிக்கொண்டே இருக்கும். எனக்கு ரொம்பப் பிடித்த வழி, நன்றாக நடந்தால். ஒருவர் கூறு போட, மற்றவர் முதலில் எடுப்பது என்ற முறையை இன்னும் யாரும் மிஞ்சவில்லை. கூறு போடுகிறவர் கள்ளத்தனம் செய்தால் மோசமான கூறு அவர் தலையிலேயே விழும். மூன்று பேர் என்றால் கொஞ்சம் சிக்கல். ஆனால் ஆளுக்கு ஆள் மதிப்பு வேறாக இருப்பது இங்கே வசதி. கடைமடை 1.20 ஏக்கர், தண்ணீர் குறைந்த வருஷத்தில் தலைமடை 80 சென்டுக்கு ஈடாகாது. மடை திறக்க மல்லுக்கட்டும் அண்ணனுக்கு அது தெரியும். கோயம்புத்தூர்த் தம்பிக்கு வயலும் வேண்டாம், வரப்பும் வேண்டாம், பணம் போதும். அக்கா கண் வீட்டின் மேல். மூவரும் தங்கள் கணக்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாங்கியதாக நினைத்துக்கொண்டே எழுந்து போகலாம். கோர்ட் கமிஷனரின் அளவுச் சங்கிலிக்கு அந்த மனக்கணக்கு தெரியாது.

செலவும் குறைவு. குடும்பத்துக்குள் பாகப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1%, பதிவுக் கட்டணம் 1%. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகும் ஒரு பங்குக்கு உச்சவரம்பு முறையே 40,000, 10,000 ரூபாய்தான்.

நன்றாக நடந்தால் என்றேன் அல்லவா? “உனக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே” என்று மதினி காபி டம்ளரை வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார். சீர் செய்ததால் சட்டப்படி பங்கு போய்விடாது. ஆனால் தாய்வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து அதை எத்தனை பேர் சொல்வார்கள்? ஒரு பட்டுச்சேலைக்கும் ஐம்பதாயிரத்துக்கும், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களை வாரம் ஒருவராகப் பார்க்கிறேன். இன்னொரு கூத்து, யாருக்கு எது என்று வீட்டுக்குள்ளேயே எழுதி, பதிவு செய்யாமல் வைக்கும் கூர்ச்சீட்டு. அன்றைக்குச் செலவு மிச்சம், பேரன் காலத்தில் வழக்கு. (இதற்கு நடுவே தாயம் உருட்டுவது போல எங்கிருந்தோ ஒரு உயிலை எடுத்து வருகிற ஆட்களும் உண்டு. அது தனிக் கதை.)

மூன்றாவது, சமரச மையமும் மக்கள் நீதிமன்றமும். இதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தனி ஆட்டமே கிடையாது, முதல் இரண்டுக்கும் நடுவில் போட்ட பாலம். மக்கள் நீதிமன்றத் தீர்வு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு இல்லை, கட்டிய கோர்ட் பீஸ் திரும்பி வரும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. ஆனால் எதிராளி ‘முடியாது’ என்று எழுந்துவிட்டால் அங்கே ஒன்றும் நடக்காது.

அப்போ எது? நான் அக்காவிடம் சொன்னது: பிராதைப் போடுங்கள், ஆனால் தீர்ப்புக்காகப் போடாதீர்கள். அண்ணன் சும்மா இருப்பதற்கு இன்று காசு செலவில்லை. அதற்கு ஒரு விலை வைக்கத்தான் வழக்கு. விலை உறைத்ததும் சமரசத்துக்கு மாறிவிடுங்கள்.

1980 வாக்கில் ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கம்ப்யூட்டர் நிரல்களை மோதவிட்டுப் போட்டி நடத்தினார். ஜெயித்தது இருப்பதிலேயே சின்ன நிரல். முதலில் ஒத்துப் போ, அவன் அடித்தால் ஒரு அடி திருப்பிக் கொடு, அவன் இறங்கி வந்தால் நீயும் இறங்கு. இது செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை, ஆட்டம் இன்னொரு சுற்று வர வேண்டும். எங்கள் பக்கம் அதற்குப் பஞ்சமா? பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எல்லாரும் ஒரே அடுப்பில் பொங்கலிட்டாக வேண்டும். அதனால்தான் நோட்டீஸில் மதினியின் நடத்தை பற்றி ஒரு வரி சேர்க்கச் சொன்னதை நான் அடித்துவிட்டேன். சாருக்குத் தெரியாது.

விவாகரத்துக்கு இதே கணக்கை அப்படியே போடக் கூடாது. பிள்ளை இல்லாத தம்பதிக்கு அது ஒரே சுற்று ஆட்டம். ஒரு வருஷம் பிரிந்திருந்து, பரஸ்பர சம்மதத்தில் மனு போட்டு, ஆறு மாதத்தில் கைகழுவிவிடலாம். பிள்ளை இருந்தால் பள்ளிக்கூட வாசலில் பதினெட்டு வயதுவரை சுற்று நடக்கும்.

அக்கா பிராது போட்டு எட்டு மாதம் ஆகிறது. தலைமடை 80 சென்டை விலை பேசிய பார்ட்டி பின்வாங்கிவிட்டதாம். போன வாரம் அண்ணனே போன் போட்டு, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பச் சம்மதம் என்றிருக்கிறார். புதன்கிழமை உட்காருகிறார்கள். கூறு போடுவது அண்ணன், முதலில் எடுப்பது அக்கா என்பதுவரை பேசியாகிவிட்டது. வீட்டோடு பின்வாசல் கிணறும் சேருமா, தனியா என்பதில்தான் இழுபறி. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்கிறார் மதினி.