குடிதண்ணீர் பிடித்து வைக்க எது நல்லது: மண்பானையா, செப்புக் குடமா, கேனா, குழாய் வைத்த டிரம்மா?

போன வருடம் மழை முடிந்த கையோடு இளையவனுக்கு வயிற்றுப்போக்கு. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறோம் என்று டாக்டரிடம் சொன்னேன். "காய்ச்சி எதில் ஊற்றி வைக்கிறீங்க, எப்படி எடுக்கிறீங்க?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அடுப்படியில் நின்று பார்த்தேன். அண்டாவில் ஆறிய தண்ணீர், அதில் ஆளாளுக்கு டம்ளரை விட்டு மொள்ளுகிறோம், தெருவில் விளையாடிவிட்டு வந்தவன் மொள்ளும்போது நான்கு விரலும் தண்ணீருக்குள். மெட்ரோ தண்ணீரில் இருக்கும் கொஞ்ச நஞ்ச குளோரினும் காய்ச்சும்போது போய்விடும், அப்புறம் விரல் வழியாக எந்தக் கிருமி உள்ளே போனாலும் தடுக்க அதில் ஒன்றுமே இல்லை.

அண்டாவை விட்டோம். இந்த நான்கையும் வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இப்போது இருப்பது வாய் அகன்ற எவர்சில்வர் டிரம், அடியில் குழாய் வைத்தது.

மண்பானையின் குளிர்ச்சிக்கும் ருசிக்கும் ஈடு கிடையாது. பானையின் நுண்துளைகளில் கசிகிற நீர் ஆவியாவதால்தான் உள்ளே குளிர்கிறது, ஆனால் அதே துளைகள் சோப்பையும் குடித்துவிடும் என்பதால் தேங்காய் நாரும் வெந்நீரும் வெயிலும்தான் கதி. பாட்டி பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைப்பார், கலங்கல் தெளிந்துவிடும். தெளிந்த தண்ணீர் வேறு, கிருமி இல்லாத தண்ணீர் வேறு என்பதை மறக்கக் கூடாது.

செம்பு கிருமியைக் கொல்லும் என்பது உண்மை, ஆனால் ஊற்றியதும் கொன்றுவிடாது, ஒரு இரவாவது நிற்க வேண்டும். எங்களிடம் இருப்பது அம்மாவின் சீர் குடம், கழுத்துக்குள் என் கை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. வெளியே புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தோம், டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. மூன்று மாதம்தான் பயன்படுத்தினேன், அதனால் செம்பே கூடாது என்று சொல்ல மாட்டேன்.

20 லிட்டர் கேன் வசதிதான், சீல் உடையாமல் வந்து இரண்டு மூன்று நாளில் காலியானால் பெரிய கவலை இல்லை. காலிக் கேனில் நாமே தண்ணீர் பிடித்து வைப்பதுதான் தப்பு. அந்தக் குறுகிய வாய்க்குள் பிரஷ் போனாலும் தோள்பட்டை வளைவுக்கு எட்டாது, ஜன்னல் ஓரம் வெயில் பட வைத்திருந்தால் பாசி பிடிப்பதும் அங்கேதான்.

சரி, டிரம்முக்கு வருகிறேன். இதை எடுத்ததற்கு ஒரே காரணம், முழங்கை வரை கையை விட்டால் அடி தட்டுப்படுகிறது. நான்கு நாள் தண்ணீர் நின்ற எந்தப் பாத்திரத்தின் உள்சுவரையும் விரலால் தடவிப் பாருங்கள், ஒரு வழவழப்பு இருக்கும். அது கிருமிகள் தமக்குக் கட்டிக்கொள்ளும் படலம். அலசி ஊற்றினால் போகாது, அதற்குள் இருக்கிற கிருமியைக் குளோரின்கூட லேசில் தொடாது, அழுத்தித் தேய்த்தால்தான் போகும். அதனால் என்ன உலோகம் என்பதைவிடக் கை எட்டுகிறதா என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. வாய் அகலமாக இருந்தால் எல்லோரும் கையை விடுவார்களே என்றால், அதற்குத்தான் குழாய். மூடி வாரம் ஒரு முறை கழுவும்போதும் தண்ணீர் ஊற்றும்போதும் மட்டும்தான் திறக்கும்.

ஆனால் குழாயிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. அது அடியிலிருந்து இரண்டு விரல்கடை மேலே இருப்பதால் அதற்குக் கீழே நிற்கிற தண்ணீர் தானாக வெளியே வராது, பழைய தண்ணீர் மேலேயே புதுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்போம். டிரம்மைச் சாய்த்து மிச்சத்தைக் கொட்டித்தான் ஆக வேண்டும். மூன்றாவது மாதம் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது வாஷரைச் சுற்றிக் கறுப்பாக, கொழகொழவென்று ஒரு வளையம், பாத்திரம் பளிச்சென்று இருந்தும் நாங்கள் குடித்த ஒவ்வொரு டம்ளரும் அதைத் தொட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறது. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் குழாயைக் கழற்றி, அதற்கென்றே வைத்திருக்கும் பல் துலக்கும் பிரஷால் மரையையும் வாஷரையும் தேய்த்து, வெந்நீரில் போட்டு எடுத்து மாட்டுகிறேன். கால் மணி நேர வேலை. வாஷர் இரண்டு கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கழற்றிக் கழற்றி மாட்டினால் சீக்கிரம் தேய்ந்து ஒழுகும்.

வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவுகிற இந்தக் கணக்கு பின்கட்டில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம்முக்கும் பொருந்தும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான், அதுவும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடியே கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். அங்கேயும் தேய்க்கத்தான் வேண்டும்.

எவர்சில்வர் பழசானாலும் பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு மாற்றிக்கொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். வாங்கும்போது கடையிலேயே மூடியைத் திறந்து கையை விட்டு, குழாயின் உள்பக்க நட்டு விரலுக்கு எட்டுகிறதா, திருகினால் கழன்று வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். சிலவற்றில் பற்றவைத்தே விடுகிறார்கள், அது வேண்டாம்.