ஃபெட்டும் நிஜ லேபும்: ஏழு வருடம் பயன்படுத்திய பிறகு

பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிறேன். அரசுப் பள்ளி, தமிழ்வழி. ஃபெட் (PhET) சிமுலேஷன்களை, அதாவது சோதனையைக் கணினித் திரையிலேயே செய்துபார்க்கும் மென்பொருட்களை, வகுப்பில் போட்டுக்காட்ட ஆரம்பித்தது 2018-ல். கொலராடோ பல்கலைக்கழகத்தில் கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம் அது. அவருக்கு நோபல் கிடைத்தது அதற்கு முந்தைய வருடம். காசு கிடையாது. ஒருமுறை இறக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டால் நெட் இல்லாமலே ஓடும். எங்கள் லேப் நிலவரத்துக்கு அதுவே பெரிய விஷயம்.

அது ஜெயிக்கும் இடம் மின்சுற்று. பல்பைத் தாண்டியதும் கரன்ட் குறையுமா என்று கேட்டால், "குறையும் சார், பல்பு எடுத்துக்கிச்சே" என்று பாதி வகுப்பு சொல்லும். முன்பெல்லாம் பல்புக்கு இரண்டு பக்கமும் அம்மீட்டர் வைத்துக் காட்டுவேன். எங்கள் பழைய மீட்டர்களில் ஒன்று 0.32 காட்டும், இன்னொன்று 0.30. "பாத்தீங்களா சார்!" என்பார்கள். தப்பான எண்ணத்துக்கு நானே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். ஃபெட்டில் எலக்ட்ரான்களைக் குறிக்கும் நீல உருண்டைகள் பல்புக்கு முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் நகர்வதைக் கண்ணால் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு வாதம் வருவதில்லை. பேட்டரியை ஷார்ட் செய்தால் திரையில் தீப்பிடிக்கும். அதைப் பார்க்கவே நான்கு தடவை ஷார்ட் செய்வார்கள், செய்யட்டும். இயற்பியல் கல்வி ஆய்வாளர் ஃபிங்கல்ஸ்டீன் குழுவினரின் 2005 ஆய்வும் இதையேதான் கண்டது: சிமுலேஷனில் சுற்று பழகிய கல்லூரி மாணவர்கள், நிஜ ஒயரைக் கையில் கொடுத்தபோதும் நிஜக் கருவியில் பழகியவர்களைவிட நன்றாகச் செய்தார்கள்.

இதை நம்பித் தனி ஊசலையும் திரைக்கு மாற்றினேன். அது தவறு. ஃபெட் ஊசலில் நூலை நீட்டலாம், வியாழன் கோளின் ஈர்ப்பில்கூட ஆட்டிப் பார்க்கலாம், அலைவுக்காலத்தை அளக்கத் தனி டைமரும் உண்டு. சிக்கல் அந்த டைமர்தான். ஸ்டாப் வாட்சை அமுக்கும் கை 0.2 விநாடி பிந்தும். 20 அலைவு எண்ணி வகுத்தால் பிழை 0.01 ஆகச் சுருங்கும். ஏன் 20 என்ற கேள்விக்கு இதுதான் பதில். டைமர் ஒரே அலைவில் சரியான விடையைக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது.

டேன்ஜென்ட் கால்வனோமீட்டர் (சுருளின் நடுவே காந்த முள் திரும்பும் கோணத்தை வைத்துக் கரன்ட்டை அளக்கும் கருவி) இன்னொரு ரகம். ஒரு பெண் எடுத்த ரீடிங் மூன்று முறையும் ஒட்டவில்லை. இரும்பு ஸ்டூலை நகர்த்தினோம், சுருளை மறுபடி காந்தத் துருவத்தளத்தில் (முள் காட்டும் வடக்கு-தெற்குத் தளத்தில்) நிறுத்தினோம். நான் குனிந்து பார்க்கும்போதெல்லாம் முள் திரும்புகிறது. காரணம், என் சட்டைப் பையில் இருந்த செல்போன்! பூமியின் காந்தப்புலத்தில் கிடைத்தளக் கூறு நம் பக்கம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லாதான். பக்கத்தில் வரும் ஸ்பீக்கர் காந்தமே அதைக் கலைத்துவிடும். அந்த வகுப்பு இதை மறக்கவில்லை, என்னையும் விடவில்லை.

கொரோனா முடிந்து வந்த பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரிந்தது. ஒயர் முனையை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும் என்பது தெரியவில்லை. மின்தடையை அளக்கும் மீட்டர் பிரிட்ஜ் கம்பியில் ஜாக்கியை (தொடுமுனையை) தொட்டு எடுக்காமல், திரையில் விரலை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அதற்காக நிஜ லேபை ரொம்பப் புகழவும் மனம் வரவில்லை. விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து ரீடிங் எழுதும் பழக்கம் அங்கேதான் வளர்கிறது. ஊசலின் நீளத்தை (L) அலைவுக்காலத்தின் (T) வர்க்கத்தால் வகுத்தால் வரவேண்டிய விடை 0.248; ரெக்கார்டில் எல்லா வரிசையிலும் L/T² அச்சாக அதுவே இருந்தால் அந்த ஊசல் ஆடவே இல்லை என்று அர்த்தம்.

இப்போது மின்சுற்றுக்குத் திரை முதலில், ஒயர் பிறகு. ஊசலுக்கு நூலும் குண்டும் முதலில், வியாழன் கடைசியில். தப்பாக வந்த ரீடிங்கை அடிக்காமல் அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்த வருடம் ஒருத்தி L/T² 0.275 என்று எழுதி, ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள்: "சைபரில் ஆரம்பிக்காமல் ஒன்றில் ஆரம்பித்துவிட்டேன் சார், 19 தான் ஆடியிருக்கு." 19 அலைவு நேரத்தை 20-ஆல் வகுத்தால் என்ன வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், அதேதான்.