இதயத் தமனிப் புடைப்பு: கட்டுவதா, வெட்டுவதா, ஸ்டென்ட் வைப்பதா?

இதயத் தமனியின் ஒரு பகுதி, அடுத்துள்ள சீரான பகுதியைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் உப்பியிருந்தால் அது அனியூரிசம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கொழுப்புப் படிவாலும், குழந்தைகளுக்குக் கவாசாகி நோயாலும் (ரத்தக் குழாய்களில் அழற்சி உண்டாக்கும் நோய்) வருகிறது. வெடித்துவிடுமோ என்றுதான் நோயாளிகள் பயப்படுகிறார்கள். ஆனால் அதைவிட அதிகம் நடப்பது வேறு: புடைப்புக்குள் ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி கீழே போய் அடைத்து மாரடைப்பு வருகிறது. சிறிய புடைப்புகளுக்கு மருந்தும் கண்காணிப்புமே போதும்.

நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்றால் உறையிட்ட ஸ்டென்ட் இருக்கிறது; தமனிக்குள் வைத்து, புடைப்பின் வாயை உள்ளிருந்தே மூடும் உறை போர்த்திய வலைக்குழாய் அது. புடைப்பு சிறியதாக, கிளைகள் இல்லாத இடத்தில் இருந்தால் நல்ல வழி. கிளை இருந்தால் அதன் வாயையும் உறை மூடிவிடும். ராட்சதப் புடைப்பில் ஸ்டென்ட் சரியாகப் பதியவும் செய்யாது.

அறுவையில் இரண்டு வழிகள். புடைப்பை வெட்டியெடுத்து, அந்த இடத்தில் சிரைத் துண்டை வைத்துத் தைப்பது ஒன்று. படத்தில் வரைந்தால் அழகாக இருக்கும். அறுவை மேசையில், இதயத் தசையோடு ஒட்டிக் கிடப்பதைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மற்றது, இரு முனைகளையும் கட்டிவிட்டு அப்பால் பைபாஸ் இணைப்பது. மேல்முனையை மட்டும் கட்டினால் பைபாஸ் ரத்தமே பின்னோக்கி வந்து புடைப்பை நிரப்பும். பெரிய பையென்றால் திறந்து, அடுக்கடுக்காகப் படிந்த பழைய உறைவை வழித்தெடுத்தால், சுவரில் கிளைகளின் வாய்கள் ரத்தம் கசியத் தெரியும். சிறியவற்றை உள்ளிருந்தே தைத்து மூடலாம். பெரிய கிளைக்குத் தனி பைபாஸ் வேண்டும். பெரியவர்களின் ராட்சதப் புடைப்புக்கு என் வாக்கு இதற்குத்தான்.

கவாசாகிக் குழந்தைகளின் கணக்கு வேறு. பெரும்பாலும் புடைப்பைத் தொடாமல் பைபாஸ் மட்டும் செய்கிறார்கள். எந்தக் குழாயை இணைப்பது என்பதே அங்கே கேள்வி. ஜப்பானின் கிட்டமுரா குழு 2009இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: 20 ஆண்டுகளுக்குப் பின் மார்பின் உள்தமனி இணைப்புகளில் 87 சதவீதம் திறந்திருந்தன; கால் சிரையில் 44 சதவீதம்தான். உள்தமனி குழந்தையோடு வளர்கிறது, சிரை வளர்வதில்லை. ஆனால் அவசரப்படக் கூடாது: தமனியில் நல்ல அடைப்பு விழுமுன் பைபாஸ் செய்தால், பழைய வழியிலேயே ரத்தம் ஓடி, புதிய குழாய் நூலாகச் சுருங்கிவிடும்.