மூன்று நிறங்களில் கிரிமியா: வேலூர் அச்சகம் ஒன்றில் செய்த வரைபடம்

பள்ளிப் புவியியல் கண்காட்சிக்காகக் கிரிமியத் தீபகற்பத்தின் சிற்றூர்களைக் காட்டும், நான்கடிக்கு மூன்றடி அளவுள்ள தமிழ் வரைபடம் ஒன்றை வேலூர் தோட்டப்பாளையத்தில் உள்ள டிஜிட்டல் அச்சகத்தில் அச்சிட்டு வாங்கினேன். பொடி எழுத்துகள் நிறைந்த வேலையை எங்கே கொடுப்பது என்று தேடுவோருக்கு இந்த அனுபவம் உதவும்.

ஃப்ளெக்ஸில் அடித்தால் சிறிய எழுத்துகள் சிதறும் என்று கடைக்காரரே எடுத்துச் சொல்லி, வினைலில் அச்சிட்டுச் சன்போர்டு என்ற நுரைப்பலகையில் ஒட்டித் தந்தார். சதுர அடிக்கு 45 ரூபாய், எழுத்துக்கோப்புக்குத் தனியாக 300 ரூபாய். இது நியாயமான விலைதான்.

வேலையின் கடினம் ஊர்ப்பெயர்களில் இருந்தது. 1944 மே மாதத்தில் தீபகற்பத்தின் பூர்வகுடிகளான கிரிமியத் தாத்தாரியர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர் நாடு கடத்தப்பட்ட பின், அவர்களுடைய ஊர்களின் பெயர்களைச் சோவியத் அரசு அடுத்தடுத்து வந்த ஆணைகளால் மாற்றியது. 1948ஆம் ஆண்டு ஆணை ஒன்றில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் இடம்பெற்றன. ‘கரிய நீர்ச் சந்தை’ என்று பொருள்படும் கராசுபஜார், ‘வெண்மலை’ என்று பொருள்படும் பெலகோர்ஸ்க் ஆயிற்று. உக்ரைன் வசமிருந்த தீபகற்பம் 2014 முதல் ரஷ்யாவின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2016இல் உக்ரைன் நாடாளுமன்றம் பல ஊர்களுக்குப் பழைய பெயர்களைத் திருப்பிக் கொடுத்தபோதும், அங்கே புழக்கத்தில் நீடிப்பவை சோவியத் காலப் பெயர்களே. ஆகவே பழம்பெயரைப் பச்சையிலும், சோவியத் பெயரைச் சிவப்பிலும், 2016ஆம் ஆண்டுப் பெயரை நீலத்திலும் கேட்டிருந்தேன்.

திருத்துவதற்காக எடுத்த மாதிரி அச்சான முதல் புரூஃபைப் பார்க்கும்போது, எழுத்துக்கோக்கும் இளைஞர் இச்கி என்ற ஊரைச் சுட்டிக்காட்டி, “ஒரே பேரு பச்சையிலயும் நீலத்துலயும் வருது சார், ஒண்ண எடுத்துடவா?” என்று கேட்டார். 1944இல் சோவியத்ஸ்கி என்றாக்கப்பட்ட ஊருக்கு 2016இல் உக்ரைன் நாடாளுமன்றம் பழைய பெயரையே அறிவித்ததால் இரண்டும் இருக்கத்தான் வேண்டும் என்று விளக்கினேன். நம் வேலூரின் ஆங்கில எழுத்துக்கூட்டலே 2020 ஜூனில் அரசாணையால் மாறி, சில நாட்களில் அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டதை அவரே நினைவுகூர்ந்தார். அதன்பின் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தே திருத்தினார். அவ்வளவு பொறுமையை நான் வேறெந்த அச்சகத்திலும் கண்டதில்லை.

இருந்தும் ஒரு பிழை என்னை மிகவும் வருத்தியது. கடலோரத்துக் குச்சுக்-உஸென் ‘குச்சுக்-உசேன்’ என்று அச்சாகிவிட்டது. உஸென் என்றால் ஆறு. ஊரின் பெயருக்குச் ‘சிற்றாறு’ என்பது பொருள், அதன் ரஷ்யப் பெயரான மலரேச்சென்ஸ்கொயேயும் அதே பொருளைத் தருவதுதான். நமக்குப் பழகிய ஆள்பெயர் கைவழக்கத்தில் விழுந்து, ஆற்றை ஓர் ஆளாக்கிவிட்டது. இரண்டாம் புரூஃபில் நானும் கவனிக்கத் தவறியதால் குறை இருவருக்கும் உரியது. கடைக்காரர் மறுபேச்சின்றி அந்தப் பெயரைத் தனித்துண்டாக அச்சிட்டு மேலே ஒட்டித் தந்தார். உற்றுப் பார்த்தால் மட்டுமே ஒட்டு தெரியும்.

பிற மொழிப் பெயர்கள் உள்ள வேலையைக் கொடுப்பவர்கள் கையெழுத்துப் படியைத் தவிர்த்து, யூனிகோடில் தட்டச்சு செய்த பட்டியலையே கொண்டு செல்லுங்கள். லேமினேஷன் மட்டும் வலது கீழ்மூலையில் ஒரு வாரத்திலேயே குமிழிட்டது. அதைச் சரிசெய்து தருவதாகக் கூறியிருக்கிறார்கள். சனிக்கிழமை வரைபடத்தை மறுபடி எடுத்துச் செல்கிறேன்.